வேலிக் கோவை: பறிப்பதிலும் வளர்ப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சூழ்ந்துள்ள கிளுவை முள்மர வேலிகளில், மழை விழுந்ததும் கோவைக்கொடி தானாகவே தழைத்துப் படர்கிறது. அதே வேலிகளில் நச்சுத்தன்மை கொண்ட ஐவிரலிக் கொடியும் படர்வதுண்டு என்பதால், பச்சைக் காயின் வெள்ளைக் கோடுகளை மட்டும் பார்த்துப் பறிப்பதே தவறுகளில் மிக ஆபத்தானது. அந்தக் கோடுகள் இரண்டிலும் உண்டு. கோவைக்காய் நீண்டிருக்கும், பழுத்தால் கோடுகள் மறைந்து முழுச்சிவப்பாகும். ஐவிரலியின் காயோ உருண்டையானது, பழுத்த பின்னும் கோடுகள் மறையாது. கோவை இலையும் சில கொடிகளில் ஆழமாகப் பிளந்திருக்கும் என்பதால் இலையை நம்புவதைவிடப் பூவையும் பற்றுக்கம்பியையும் பார்ப்பது நல்லது: கோவைக்குப் பெரிய வெண்பூவும் கிளைக்காத பற்றுக்கம்பியும், ஐவிரலிக்கு மஞ்சள் சாயலுள்ள சிறு பூக்களும் இரண்டாகப் பிரியும் பற்றுக்கம்பியும் இருக்கும்.

கோவையிலேயே கசக்கும் கொடிகள் உண்டு. புளியும் வெல்லமும் சேர்த்தால் சரியாகிவிடும் என்று சமைப்பவர்கள் கசப்பை மறைக்கிறார்களே தவிர, அதற்குக் காரணமான குக்கர்பிட்டசின் என்னும் வேதிப்பொருள் வேகவைத்தாலும் அழிவதில்லை. மிகுந்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். அரிந்த துண்டொன்றை நாவில் வைத்துப் பார்த்து, கடுமையாகக் கசந்தால் துப்பிவிட்டு அந்தக் கொடியின் காயையே ஒதுக்கிவிட வேண்டும். உள்ளே சிவக்கத் தொடங்கிய காய் தீங்கற்றதுதான். ஆனால் பொரியலில் குழைந்து புளிக்கும்.

வீட்டில் வளர்க்க விரும்புவோர் பழத்தின் விதையை ஊன்றிவிட்டுக் காய்க்காகக் காத்திருப்பது வீண்வேலையாக முடியலாம். கோவையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. விதையில் எது முளைக்கும் என்பது பூக்கும்வரை தெரியாது. பூவின் அடியில் பிஞ்சு போன்ற புடைப்புள்ள, கசக்காத பெண்கொடியிலிருந்து முற்றிய தண்டைக் குச்சியாக வெட்டி நடுவதே சரியான முறை. அதற்காக, காய்க்காத கொடியெல்லாம் வீண் என்று ஆண்கொடிகளை முழுவதும் அழித்துவிட்டால், வேலியிலுள்ள பெண்கொடிகளுக்கு மகரந்தம் கிடைக்காமல் காய்ப்பு குறைந்துவிடும்.

சர்க்கரை நோய்க்குக் கோவை நல்லது என்று கேட்டு மாத்திரையை நிறுத்துவோரும் இருக்கிறார்கள். காயை உணவாக உண்ணலாம், மருந்தை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

சிறு மரங்களை மூடிப் படர்ந்துவிட்ட கொடியை மேலாக அறுத்துவிட்டால் போதும் என்று எண்ணுவதும் பயன் தராது. மண்ணுக்குள் கிழங்கு இருக்கும்வரை அடுத்த மழையில் அது மீண்டும் துளிர்க்கும் என்பதால், வேண்டாத இடத்தில் அதைக் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். வெட்டிய தண்டுகளை ஈரமண்ணில் போட்டால் அவையும் வேர்விடும்.