ஆற்றில் பிடித்த கெளுத்தியின் கண்: கெடுப்பது பெரும்பாலும் நம் கைதான்

அமேசான் துணையாறுகளில் பிடித்து வளர்ப்புத் தொட்டிகளுக்கு ஏற்றுமதியாகும் பிளெக்கோ, கோரிடோரஸ் கெளுத்திகள் சில, கண் வெளுத்தோ ஒரு கண்ணே இல்லாமலோ வந்து சேரும். மீனுக்கு இமை கிடையாது. வலை நூலோ பக்கத்து மீனின் முள்ளோ நேரே கண்ணில்தான் உரசும்.

வலையால் அள்ளுவதுதான் பெரிய தவறு. பிளெக்கோவின் கன்னத்து முட்களும் துடுப்பு முள்ளும் வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும். பிடித்து இழுத்தால் கண் கிழியும். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஓட்டிப் பிடியுங்கள். மாட்டிவிட்டால் வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருங்கள், தானாக விடுபடாவிட்டால் கத்தரியால் வலையை வெட்டுங்கள். வலை போனால் போகட்டும்.

அடுத்தது பை. நெடும்பயணத்தில் மீன் விடும் கரியமில வாயு பைநீரின் பிஹெச்சை (அமில-கார அளவை) குறைக்கும். அதனால், மீன் கழிவால் பையில் சேர்ந்த அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. பையைத் திறந்து ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைக் கலந்தால் பிஹெச் ஏறி, அதே அம்மோனியா நஞ்சாகிச் செவுளையும் கண் படலத்தையும் சுடும். தனித்தொட்டியில் மென்னீரை முன்பே தயாராக வையுங்கள். மூடிய பையை 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்ததும் மீனை மட்டும் மாற்றுங்கள்; பைநீரைக் கொட்டிவிடுங்கள்.

கண் மங்கலைக் கண்டதும் மருந்தை ஊற்றாதீர்கள். ஒரு கண் மட்டும் என்றால் பெரும்பாலும் காயம். இரண்டும் என்றால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்: அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆக இருக்க வேண்டும். மேற்படலம் தெளிவாக இருந்து உள்ளே வில்லை மட்டும் வெளுத்திருந்தால் கண்புரை. ஆற்று மீனில் அதற்குக் கண்ணுக்குள் தங்கும் தட்டைப்புழுவும் காரணமாகலாம். அந்தப் புழு பெருக நத்தையும் மீன் தின்னும் பறவையும் வேண்டும், ஆகவே தொட்டியில் மீனுக்கு மீன் தொற்றாது. (வெளிச்சத்தில் பிளெக்கோவின் கண்பாப்பா பிறை போலச் சுருங்குவது இயல்பு. அதற்கும் மருந்து போடுபவர்கள் உண்டு!)

காயத்துக்குச் சுத்தமான நீரே முதல் மருந்து: ஒருநாள் விட்டு ஒருநாள் 25 சதவீதம் மாற்றுங்கள். உப்பைக் கைப்பிடியாக அள்ளிப் போடக் கூடாது. லிட்டருக்கு 1 கிராமுக்கு மேல் வேண்டாம், அதையும் கரைத்துச் சிறிது சிறிதாக. செம்பு கலந்த மருந்தைக் கெளுத்தி தாங்காது. கண்ணைச் சுற்றிச் சதை அழுகினால் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

போன கண் திரும்பாது, ஆனால் மீசையும் மோப்பமும் போதும், மீன் பிழைத்துக்கொள்ளும். கல்லையும் கட்டையையும் இடம் மாற்றாதீர்கள். விளக்கை அணைத்த பின் தினமும் ஒரே மூலையில் இரை போட்டு, வாரம் ஒருமுறை வயிறு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.