டென்யூர் (பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பணி உரிமை) பெறும் பாதையில் உள்ள நூலகர்கள், ஒருவருக்கொருவர் துணைநிற்கும் குழுவைத் தமக்குள் அமைப்பது எப்படி?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நூலகர்களுக்கும் பேராசிரியர்களைப் போன்ற ஆசிரியர் நிலை உண்டு. அதனால் டென்யூர் பாதையில் இருப்பவர்கள், மதிப்பீட்டுக்குக் கொடுக்கும் டென்யூர் கோப்பில் அன்றாட நூலகப் பணியோடு ஆய்வும் சேவையும் காட்டியாக வேண்டும். கோப்பு பெரும்பாலும் ஆறாம் ஆண்டில் மதிப்பீட்டுக்குப் போகும். குழுவை முதலாண்டிலேயே தொடங்கிவிடுங்கள்.

நாலைந்து பேர் போதும். கூட்டம் பெருத்தால் வாய் திறக்காதவர்கள்தான் கூடுவார்கள். உங்கள் கோப்புக்கு வாக்களிக்கப் போகிறவரைச் சேர்க்காதீர்கள், யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

மாதம் இருமுறை, ஒரு மணி நேரம். முதல் பத்து நிமிடம்: போன முறை சொன்னதை முடித்தீர்களா? மீதி நேரம் ஒருவருடைய வரைவுக்கு மட்டும். ஐந்து பக்கத்துக்கு மிகாமல், மூன்று நாள் முன்பே, ஒரு கேள்வியோடு வரைவு வர வேண்டும். 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்ற பதில்தான் கிடைக்கும். 'ஆய்வுக்கான மாதிரியை ஏன் இப்படித் தேர்ந்தேன் என்பது புரிகிறதா?' என்று கேட்டால்தான் வேலை நடக்கும்.

புலம்பலுக்குத் தடை போடாதீர்கள், நேர வரம்பு போடுங்கள். செமஸ்டர் தொடக்கத்தில் வகுப்புகள் குவியும்போது கூட்டத்தை ரத்து செய்யாமல் அரை மணியாகக் குறையுங்கள்.

டென்யூர் பெற்ற ஒருவரின் கோப்பை அனுமதியோடு வாங்கிப் படியுங்கள். அது எந்த ஆண்டு விதிமுறைப்படி எழுதியது என்பதை முதலில் பாருங்கள்.