கரண்ட் திரும்பி வந்தும் எழாத கணினி

போன மாதம் காரைக்குடியில் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் நாலு பேர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார்கள். உள்ளே ராஸ்பெரி பை 4 என்ற கையளவு கணினி, மூன்று ஈரப்பத சென்சார்கள், கரண்ட் போனால் தாங்குவதற்கு இரண்டு சூப்பர் கெபாசிட்டர்கள். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பூட்டிய வீட்டில் மாட்டப்போகிறார்களாம். பிளக்கைப் பிடுங்கினார்கள். கரண்ட் போனதை உணர்ந்து பை தானாக ஒழுங்காக அணைந்தது. நாலு முகத்திலும் சந்தோஷம்.

"சரி தம்பி, இன்னொரு தடவை பிடுங்குங்க. அது அணைஞ்சுக்கிட்டு இருக்கும்போதே திரும்பச் சொருகுங்க" என்றேன். சொருகினார்கள். பை அணைந்தது. அணைந்தபடியே கிடந்தது. ஐந்து நிமிடம் சுற்றி நின்று பார்த்தோம், எழவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு. அதனால்தான் எழுதுகிறேன். பிளக்கைப் பிடுங்காதே, பவர்ஆஃப் கட்டளை கொடு, நல்ல அடாப்டர் வாங்கு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஜர்னல் இருக்கிறதே என்ற தைரியம்

பையில் ஓடும் லினக்ஸ், எழுதச் சொன்னதை உடனே எஸ்டி கார்டில் எழுதுவதில்லை. சாதாரண அமைப்பில் ஒரு ஃபைலின் தரவு 30 நொடிவரை மெமரியிலேயே காத்திருக்கலாம். அதன் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம், மாற்றங்களை ஜர்னல் என்ற குறிப்பேட்டில் 5 நொடிக்கு ஒருமுறை பதிகிறது. திடீரென்று கரண்ட் போனால் ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பை அது மீட்டுத்தரும், உண்மைதான். ஆனால் எஸ்டி கார்டுக்குள் தனியாக ஒரு கன்ட்ரோலர் இருக்கிறது. அது தன் வசதிக்குப் பெரிய பெரிய பிளாக்குகளை அழித்து, தரவை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் அறுந்தால், நீங்கள் தொட்டே பார்க்காத ஒரு ஃபைல் போய்விடலாம். அங்கே ஜர்னலுக்கு வேலையில்லை. பூட்டிய வீட்டில் வைக்கும் பெட்டி என்றால் ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தைப் போட்டு, சிஸ்டம் இருக்கும் பகுதியை எழுத முடியாதபடி ஆக்கிவிடுங்கள். அளவீடுகளுக்கு மட்டும் தனிப் பகுதி இருக்கட்டும்.

அணைந்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீடு. வீட்டு ஆச்சி சென்னையில் மகளோடு இருக்கிறார், மற்றவர்கள் மலேசியாவில். கல்யாணம், படைப்பு என்றால்தான் வீட்டைத் திறப்பார்கள். இரண்டாம் கட்டுக்கு மேலே ஓடு விலகி, மழைத்தண்ணீர் பர்மா தேக்குப் பலகைக் கூரையில் இறங்குகிறது என்று ஆச்சிக்குக் கவலை. ஈரம் ஏறினால் உடனே தகவல் வரும்படி ஒரு பெட்டி செய்து மாட்டினேன். சூப்பர் கெபாசிட்டர் உண்டு, கரண்ட் போனால் ஒழுங்காக அணையும் ஸ்கிரிப்ட் உண்டு. வீட்டில் வைத்து இருபது தடவைக்கு மேல் பிளக்கைப் பிடுங்கிச் சோதித்திருந்தேன்.

ஐப்பசி மழை பிடித்தது. நாலாம் நாள் தகவல் வருவது நின்றுவிட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்குப் போன் செய்தேன். "லைட்டு எரியுது தம்பி, செவப்பா நல்லா எரியுது" என்றார். அப்படியென்றால் மிஷின் ஓடுகிறது, நெட்தான் இல்லை போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். பத்தொன்பது நாள்.

போய்ப் பார்த்தபோது அவர் சொன்னபடி சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்தில் பச்சை அசையவே இல்லை. சிவப்பு எரிந்தால் போர்டுக்கு மின்சாரம் வருகிறது என்று மட்டும்தான் அர்த்தம். கணினி ஓடுகிறதா என்று அது சொல்லாது. கார்டை எடுத்துப் படித்தேன். ஒரு கீறல் இல்லை. அதிலிருந்த பதிவின் கடைசி வரிகளில், பின்னணியில் ஓடும் ஒவ்வொரு சர்வீஸும் வரிசையாக நின்று, ஃபைல் சிஸ்டம் முறையாக மூடப்பட்டிருந்தது. அவ்வளவு ஒழுங்காக அணைந்த கணினிக்குக் கீழே நாலு தேக்குப் பலகை நனைந்து கறுத்துப்போயிருந்தன. அந்த அகலத்தில் மரம் கிடைக்காமல், காரைக்குடியில் பழைய வீடு பிரித்த மரம் தேடி வாங்கித்தான் மாற்ற வேண்டியிருந்தது. "எதுக்குத் தம்பி அந்தப் பெட்டி, செவப்பு லைட்டு எரியறதுக்கா?" என்று ஆச்சி கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

நடந்தது இதுதான். கரண்ட் போனது. ஸ்கிரிப்ட் பார்த்தது, அணைக்கும் வேலையைத் தொடங்கியது. அது முடிவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. தொடங்கிய ஷட்டவுன் பாதியில் நிற்காது, பை அணைந்தது. பை மறுபடி எழ வேண்டுமென்றால் அதற்கு வரும் 5 வோல்ட் ஒருமுறை அறுபட்டு மீண்டும் வர வேண்டும். இங்கேயோ கெபாசிட்டர் இருப்பதால் அது அறுபடவே இல்லை. பாதுகாப்புக்கு வைத்த பொருளே வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

ஷட்டவுன் நடக்கும் பத்துப் பதினைந்து நொடிக்குள் கரண்ட் வந்தால்தானே ஆபத்து, அது அபூர்வம் என்று அந்தப் பிள்ளைகளில் ஒருவர் சொன்னார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அணைந்த பை எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. ஓடும்போது நொடிக்கணக்கில் தீரும் கெபாசிட்டர், அணைந்த பிறகு நிமிடக்கணக்கில் தாங்கும். அந்த நிமிடங்கள் முழுவதிலும் எப்போது கரண்ட் வந்தாலும் இதே கதிதான். நம் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போவதும் இரண்டு மூன்று நிமிடத்தில் வருவதும் தினமும் நடப்பது. கெபாசிட்டரைப் பெரிதாக்கினால் ஆபத்தும் பெரிதாகும்.

இதற்கு வாட்ச்டாக் என்ற காவல் டைமர் போதும் என்பார்கள். தொங்கிப்போன கணினியைத்தான் அது எழுப்பும். நிற்கச் சொல்லி நின்ற கணினியை எழுப்பாது. கடைசி நேரத்தில் கரண்ட் வந்துவிட்டதா என்று பார்த்து, வந்திருந்தால் பவர்ஆஃபுக்குப் பதில் ரீபூட் செய்யலாம் என்பார்கள். இடைவெளி குறையும், மூடாது.

நான் முதலில் செய்த திருத்தமும் தவறாகத்தான் போனது. அணைந்து கிடக்கும் பையில் வெளிக்கம்பிகளை மாட்டும் ஜிபிஐஓ பின்களில் ஜிபிஐஓ 3, அதாவது 5-ஆம் பின்னை கிரவுண்டோடு ஒரு கணம் தொட்டால் எழும். கரண்ட் வந்ததும் ஒரு சின்ன சிப் அதைத் தொடட்டும் என்று வைத்தேன். எழவில்லை. இரண்டு சாயங்காலம் சால்டரிங்கைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது: பை அணைந்ததை ஒரு பின் வழியாக வெளியே சொல்லும் ஜிபிஐஓ-பவர்ஆஃப் ஓவர்லேயையும் (மேலே சொன்ன ஓவர்லே ஃபைல் சிஸ்டம் வேறு) போட்டிருந்தேன். அது இருந்தால் ஜிபிஐஓ 3 எழுப்பும் வசதி வேலை செய்யாது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

நான் வைத்துக்கொண்டது ஓவர்லேயைத்தான். என் விதி ஒன்றே ஒன்று: பை அணைய ஆரம்பித்துவிட்டால், கரண்ட் வந்தாலும் வராவிட்டாலும், அதற்குப் போகும் மின்சாரம் ஒருமுறை கட்டாயம் அறுபட வேண்டும். ஜிபிஐஓ-பவர்ஆஃப் ஓவர்லே, எல்லாம் முடிந்த பிறகு ஜிபிஐஓ 26-ஐ மேலே தூக்கும். அதை ஏடிடைனி85 மாதிரி ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குக் கெபாசிட்டர் பக்கமிருந்தே மின்சாரம். பின் உயர்ந்ததும் இரண்டு நொடி பொறுத்து, கார்டு தன் வேலையை முடிக்க விட்டு, பையின் 5 வோல்ட்டை வெட்டும். பத்து நொடி இருட்டு. அப்புறம் கரண்ட் இருக்கிறதா, ஒரு நிமிடமாவது விடாமல் நின்றதா, கெபாசிட்டர் நிரம்பிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் மறுபடி கொடுக்கும். அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். காலி கெபாசிட்டரோடு பை எழுந்து, பூட் ஆகும் பாதியில் கரண்ட் மறுபடி போனால் தாங்க ஒன்றுமில்லை.

பை 5 வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. அதில் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, அந்தக் கடிகாரத்தின் அலாரம் அணைந்த போர்டை எழுப்பும். அணைப்பதற்கு முன் பத்து நிமிடம் தள்ளி அலாரம் வைக்கும்படி ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தால் போதும். அதற்குள் கெபாசிட்டர் தீர்ந்துவிட்டால், கரண்ட் வரும்போது தானாகவே எழும்.

கணக்குப் போடாமல் கெபாசிட்டர் வாங்குவது

100 ஃபாரட், 2.7 வோல்ட் கெபாசிட்டர் இரண்டைத் தொடராக இணைத்தால் 50 ஃபாரட், 5.4 வோல்ட். 5 வோல்ட்வரை நிரப்பி நேரடியாகக் கொடுத்தால், பை குறைமின்னழுத்தம் என்று எச்சரிக்கும் 4.63 வோல்ட் வரும்வரை கிடைப்பது 89 ஜூல்தான். 4 வாட் எடுக்கும் போர்டுக்கு அது 22 நொடி. நடுவில், குறையும் வோல்ட்டை 5-க்கு உயர்த்தித் தரும் ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டர் வைத்து 3 வோல்ட்வரை உறிஞ்சினால் 400 ஜூல். இழப்பு போக 80 நொடி வரும். அதே கெபாசிட்டர், கிட்டத்தட்ட நாலு மடங்கு நேரம். இரண்டுக்கும் வோல்ட் சமமாகப் பிரிய பேலன்சிங் ரெசிஸ்டர் போடுங்கள்.

அப்புறம் வெயில். சித்திரையில் ஓட்டுக்கு அடியில் பெட்டியை வைத்தால் பேட்டரியும் கெபாசிட்டரும் சீக்கிரம் செத்துப்போகும். 10 டிகிரி கூடினால் சூப்பர் கெபாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ பாதி. 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் காரைக்குடி. அந்த ஊர்ப் பிள்ளைகள் டேட்டாஷீட்டில் வெப்பநிலை வரியைப் படிக்காமல் வாங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வளவு (உள்முற்றம்) பக்கம், நிழலில், காற்றோட்டமாக மாட்டுங்கள்.

நிற்கச் சொன்னால் கேட்காத புரோகிராம்

பூஸ்ட் இல்லாமல் கெபாசிட்டர் 22 நொடி தாங்கும், இருந்தால் 80. ஒரு சர்வீஸ் நிற்க மறுத்தால், சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதற்காக 90 நொடி காத்திருக்கும். கணக்கு உதைக்கிறது அல்லவா? உங்கள் சர்வீஸில் அந்தக் காத்திருப்பை 5 நொடியாகக் குறையுங்கள். பைத்தானில் எழுதியிருந்தால் இன்னொன்று: நிற்கச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னல் வந்ததும் பைத்தான் அப்படியே செத்துப்போகும், கடைசியில் ஓட வேண்டிய ஃபைனலி பகுதி ஓடாது. சிக்னல் ஹேண்ட்லர் எழுதினால்தான் கடைசி அளவீடு ஃபைலுக்குப் போகும்.

கரண்ட் போனதை உணரும் கம்பியைக் கெபாசிட்டர் பக்கம் வைப்பது

அங்கே கரண்ட் போனதே தெரியாது. அடாப்டர் பக்கம், கெபாசிட்டரின் மின்சாரம் திரும்பி வராமல் தடுக்கும் டயோடுக்கு முன்னால் வையுங்கள். 5 வோல்ட்டை நேராக ஜிபிஐஓவில் கொடுக்காதீர்கள், அது 3.3 வோல்ட் பின். மேலே 10 கிலோ ஓம், கீழே 15 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு நடுவிலிருந்து எடுத்தால் 3 வோல்ட் வரும்.

கடிகாரம் இல்லாமல் விடுவது

பை 4 வரை உள்ள போர்டுகளில் கடிகாரம் கிடையாது. டிஎஸ்3231 என்ற கடிகார சிப்பைப் போடுங்கள். அது ஐ2சி என்ற தொடர்புக் கம்பிகளுக்காக ஜிபிஐஓ 3-ஐ எடுத்துக்கொள்ளும், எனவே அணைக்கும் பட்டன் வைப்பதானால் அதை வேறு பின்னில் வையுங்கள்.

மெயினை மறப்பது

வீட்டைப் பூட்டும்போது மெயினை இறக்கிவிட்டுப் போவது இங்கே பழைய வழக்கம். பார்த்துக்கொள்பவரிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

ஒரே மாதிரி சோதிப்பது

பிடுங்குங்கள். ஒரு நொடியில் சொருகுங்கள். எழும்வரை பொறுத்து, மறுபடி பிடுங்கி, இரண்டு நொடியில் சொருகுங்கள். அப்படியே அறுபதுவரை, அதற்கப்புறம் இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். அந்தப் பிள்ளைகள் திருத்திய பெட்டியோடு என் திண்ணையில் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து இதைச் செய்தார்கள். பதினான்காவது நொடியில் ஒருமுறை எழவில்லை. ஜிபிஐஓ 26 உயர்ந்ததை மைக்ரோகன்ட்ரோலர் கவனிக்காமல் விட்டிருந்தது. புரோகிராமில் அந்த இடத்தைச் சரிசெய்துவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள்.