பழைய டிராக்டரில் பேட்டரி ஷார்ட்: தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலையில் நன்றாக இருந்த டிராக்டர் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் பலர் நேராகப் புது பேட்டரி வாங்கப் போய்விடுகிறார்கள். ஒயரிங்கில் மின்கசிவு இருந்தால் புது பேட்டரியும் விரைவில் அதே நிலைக்கு வரும்; கோளாறு பேட்டரிக்குள்ளேயே இருந்தால், ஒயர் முழுவதையும் பிரித்துப் போட்டாலும் ஒன்றும் அகப்படாது. எனவே பேட்டரியை முழுமையாக சார்ஜ் செய்து, கேபிள்களைக் கழற்றி, ஓர் இரவு தனியே வைத்துவிட்டு அளந்து பார்ப்பதே முதல் வேலை. 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் நின்றால் அதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. 10.5 வோல்ட்டை ஒட்டி இறங்கியிருந்தால் ஆறு செல்களில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது என்று கொள்ளலாம். பேட்டரியின் மேல்மூடியில் அமிலத்தோடு சேர்ந்து படிந்த ஈரமான அழுக்கும் மெதுவாக மின்சாரத்தைக் கடத்தும். சமையல் சோடா கரைத்த நீரால், அது துளைகளுக்குள் இறங்காதபடி, துடைத்துவிட வேண்டும்.

எந்தக் கேபிளை முதலில் கழற்றுவது என்பதில் நேரும் தவறு ஆபத்தானது. பேட்டரியை டிராக்டரின் இரும்போடு சேர்க்கும் எர்த் கேபிள் இணைந்திருக்கும்போது மற்ற டெர்மினலில் ஸ்பேனரை வைத்து, அதன் மறுமுனை டிராக்டரின் இரும்பில் பட்டுவிட்டால், பேட்டரியின் முழு மின்னோட்டமும் ஸ்பேனர் வழியே பாயும். சார்ஜ் ஆகும்போது வெளியேறிய ஹைட்ரஜன் அங்கே தங்கியிருந்தால் அந்தப் பொறியில் பேட்டரி வெடிக்கவும் கூடும். ஆகவே எர்த்தை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். இங்கே ‘நெகட்டிவ்’ என்று மனப்பாடம் செய்துகொள்வது போதாது. 1947 முதல் 1952 வரை அமெரிக்காவில் தயாரான ஃபோர்டு 8என் போன்ற பழைய டிராக்டர்களில் பாசிட்டிவ்தான் எர்த். கேபிள் எங்கே போய் இரும்பில் முடிகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்வதே சரி.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்பதற்காகப் பெரிய ஃப்யூஸையோ, செம்புக் கம்பியையோ, வெள்ளித்தாளையோ வைப்பவர்கள் ஒயரையே ஃப்யூஸாக மாற்றிவிடுகிறார்கள். அடுத்து எரியப்போவது டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒயர்க் கட்டு முழுவதும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: ஃப்யூஸ் எதுவும் போகவில்லை, ஆகவே ஷார்ட் இல்லை என்ற முடிவு. பழைய டிராக்டர்கள் பலவற்றில் விளக்குக்கும் ஹாரனுக்கும் மட்டுமே ஃப்யூஸ் இருக்கும். பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளுக்குப் பாதுகாப்பு ஏதும் இருக்காது.

கசிவைத் தேடக் கேபிளை டெர்மினலில் தட்டித் தட்டிப் பொறி பார்ப்பது பலரிடம் உள்ள பழக்கம். அதைவிட நம்பகமானது 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. எல்லா சுவிட்சையும் அணைத்து, எர்த் கேபிளைக் கழற்றி, அந்தக் கேபிளுக்கும் டெர்மினலுக்கும் இடையில் பல்பை இணைக்க வேண்டும். முழு ஷார்ட் இருந்தாலும் 12 வோல்ட்டில் இந்த பல்பு 2 ஆம்பியருக்கும் குறைவாகவே மின்சாரத்தை விடும் என்பதால், தேடிக்கொண்டிருக்கும்போது ஒயர் எரியாது. பல்பு முழுதாக எரிந்தால் நேரடி ஷார்ட், மங்கலாக எரிந்தால் பகுதிக் கசிவு. பிறகு ஃப்யூஸ்களையும் இணைப்புகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வர வேண்டும். எதைப் பிரித்ததும் பல்பு அணைகிறதோ, கோளாறு அந்தப் பாதையில் இருக்கிறது. இரண்டை ஒரே நேரத்தில் பிரித்தால் இந்தச் சோதனைக்கே பொருள் இல்லை.

பல்பு எரியவே இல்லை என்றால் சிறு கசிவு இல்லை என்று ஆகிவிடாது. அதற்கு மல்டிமீட்டரை அதே இடத்தில் 10 ஆம்பியர் அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். மீட்டர் இணைந்திருக்கும்போது யாரும் செல்ஃப் அடிக்கக் கூடாது. வேலை முடிந்ததும் மீட்டரின் முனையை ஆம்பியர் துளையிலிருந்து எடுக்க மறந்து, அப்படியே வோல்ட் பார்க்க டெர்மினலில் வைத்தால் மீட்டரே ஷார்ட் ஆகிவிடும். ஆட்டோ எலக்ட்ரீஷியன்களிடம் வரும் கருகிய மீட்டர்களில் பாதி இப்படிப் போனவையாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

டைனமோ உள்ள வண்டிகளில், இன்ஜின் நிற்கும்போது டைனமோவை பேட்டரியிலிருந்து பிரித்துவிடும் தானியங்கி சுவிட்சான கட்-அவுட்டைப் பார்க்காமல் விடுவது பெரிய தவறு. அதன் பாயிண்ட்கள் ஒட்டிக்கொண்டால், இன்ஜின் நின்ற பின் பேட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாயும். ஆம்ப்மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும், டைனமோ சூடேறும். ஆல்டர்னேட்டராக இருந்தால், கசிவது மின்சாரத்தை ஒரே பக்கம் மட்டும் விட வேண்டிய டயோடாக இருக்கலாம். பேட்டரியைக் கழற்றிய பின் ஆல்டர்னேட்டரின் பெரிய ஒயரைப் பிரித்துவிட்டு, பல்பு சோதனையை மீண்டும் செய்தால் தெரிந்துவிடும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி ‘சார்ஜ் வருகிறதா’ என்று பார்க்கும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். திடீரென ஏறும் வோல்ட்டேஜில் நல்ல டயோடும் போய்விடும்.

செல்ஃப் அடித்தால் ‘டிக்’ என்று மட்டும் கேட்பதையும் ஷார்ட் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். துருப்பிடித்த எர்த் இணைப்பிலும் இதே அடையாளம் தெரியும். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் பேட்டரியின் எர்த் டெர்மினலுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், கேபிளின் முனையையும் போல்ட் உட்காரும் இடத்தையும் பெயிண்ட் போகச் சுரண்டி இறுக்க வேண்டும்.

ஒயர் தகட்டுத் துளைக்குள் நுழையும் இடம், எலி கடித்த இடம், சேற்று உழவில் தண்ணீர் ஏறிய டிரெய்லர் சாக்கெட் ஆகியவை முதலில் பார்க்கத் தக்கவை. தேய்ந்த ஒயரின் மேல் டேப் மட்டும் சுற்றினால் டீசலிலும் சூட்டிலும் பசை இளகிவிடும். அந்தத் துண்டை மாற்றி, துளைக்கு ரப்பர் வளையம் போட வேண்டும். அதன் பின் பல்பை மீண்டும் இணைத்து, டிரெய்லர் பிளக்கைச் செருகிய நிலையிலும் ஒருமுறை பார்த்துவிட்டே எர்த் கேபிளை மாட்ட வேண்டும்.