ஃபூட்டில யாரு பெரிய ஆளு? கிக் கணக்க வச்சு பாக்கது எப்படி

எங்க பாளையங்கோட்டை சொந்தக்கார பயலுவ மெல்போர்ன் போன ரெண்டாவது வருசமே கிரிக்கெட்ட மறந்துட்டு ஃபூட்டி ஃபூட்டின்னு அலையுதானுவ, அதான் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல லாக்கெட் பெருசா ஃபிராங்க்ளின் பெருசான்னு ஒரே சண்டை, ரெண்டு பேருமே கோல் அடிச்சு பேரு வாங்குன பிளேயருவ. அதுக்குள்ள எறங்கதா இருந்தா வெறுங்கையோட போவாதீங்க மக்கா, நம்பர எப்படி பாக்கதுன்னு சொல்லுதேன்.

ரூல தெரியாதவங்களுக்கு சட்டுனு சொல்லிருதேன். ரெண்டு பக்கமும் நாலு நாலு கம்பம் நிக்கும். நடு ரெண்டுக்குள்ள ஒதச்சு விட்டா கோல், 6 பாயிண்ட். அதுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் இருக்க சந்துல போனா பிஹைண்ட், 1 பாயிண்ட். ஸ்கோர் 12.10 (82)னு போட்டிருந்தா 12 கோல், 10 பிஹைண்ட், மொத்தம் 82.

எல்லாரும் மொதல்ல மொத்த கோல தான் தூக்கிட்டு வருவானுவ. டோனி லாக்கெட் 1360, அதுதான் ரெக்கார்டு. லான்ஸ் ஃபிராங்க்ளின் 1066. மொத்தத்த அப்படியே நம்பாதீங்க, மேட்ச் எண்ணிக்கையால வகுங்க. லாக்கெட் 281 மேட்ச், அப்ப மேட்சுக்கு 4.84. ஃபிராங்க்ளின் 354 மேட்ச், 3.01 தான் வருது. ஆனா பீட்டர் ஹட்சன்னு ஒருத்தர் இருக்காரு, 129 மேட்ச்ல 727 கோல், 5.64! ஜான் கோல்மன் 98 மேட்ச்ல 537, அதுவும் 5.48, 1954ல முட்டு போனதோட மனுசன் ஆட்டமே முடிஞ்சு போச்சு, இல்லன்னா எங்க போய் நின்னிருப்பாரோ.

அப்ப ஹட்சன் தான் ஒசத்தின்னு முடிச்சிராதீங்க, காலத்த பாக்கணும்லா. ஒரே சீசன்ல 150 கோல் 1934ல பாப் பிராட் அடிச்சாரு, 1971ல ஹட்சன் அடிச்சாரு. இப்ப 2012ல கோல்மன் மெடல், அதாவது சீசன்ல அதிக கோலுக்கு குடுக்க மெடல், ஜாக் ரீவோல்டுக்கு வெறும் 65 கோல்லயே கெடச்சிது. இப்ப உள்ளவன் மட்டமான்னா அப்படி இல்ல, இப்பலாம் டீம் மொத்தமும் பின்னால எறங்கி வந்து கோலுக்கு முன்னால அடைச்சிட்டு நிக்கானுவ, முன்ன மாரி ஒத்த ஆளுக்கு ஒத்த டிஃபெண்டர் கெடையாது. அதனால ஒரு பிளேயர எடுத்தா அதே வருசம் ரெண்டாவது மூணாவது வந்தவன் எவ்வளவு அடிச்சான்னு பக்கத்துல வச்சு பாருங்க, எத்தன கோல் தள்ளி நிக்கான்னு பாருங்க. இப்படி பாத்தா ஃபிராங்க்ளினோட 3.01 ஒண்ணும் லேசு இல்ல, 2008ல 113 அடிச்சாரு, அதுக்கப்புறம் எவனும் நூற தொடல.

அடுத்து குறி. கோல கோல் பிளஸ் பிஹைண்டால வகுத்தா பர்சென்டேஜ் வரும். ஃபிராங்க்ளின் அந்த 2008ல 113 கோலோட 88 பிஹைண்டும் அடிச்சிருக்காரு, 56 சதவீதம் சொச்சம். இங்க ஒரு ஓட்டை இருக்கு, பாத்துக்கிடுங்க: கம்பம் வரைக்கும் போவாம நடுவுல விழுந்த பந்தும், நேரா லைனுக்கு வெளிய போன பந்தும் பிஹைண்ட் கணக்குல ஏறாது. அதனால நெசமான பர்சென்டேஜ் எவனுக்கும் இதவிட கம்மி தான். பொறவு எங்கன இருந்து அடிச்சான்னும் கேளுங்க. 20 மீட்டர்ல நேரா நின்னு அடிக்கவனும், ஓரத்துல 50 மீட்டர்ல நின்னு அடிக்கவனும் ஒண்ணா? காத்து வேற. ஆடி மாசம் பணகுடி பக்கம் நின்னு ஒரு பந்த ஒதச்சு பாருங்க, புரியும். மெல்போர்ன் டாக்லேண்ட்ஸ் ஸ்டேடியத்துக்கு மூடுத கூரை உண்டு, அங்க அடிச்சதையும் தெறந்த கிரவுண்டு கணக்கையும் கலக்காதீங்க.

ஆனா பிஹைண்ட்னா வேஸ்ட்னும் நெனைக்காதீங்க. 1996 பிரிலிமினரி ஃபைனல்ல, அதாவது கிராண்ட் ஃபைனலுக்கு முந்தின மேட்ச்ல, ஸ்கோர் சமமா நிக்கப்போ, ஆட்டம் முடிஞ்ச சைரன் அடிச்ச பொறவு லாக்கெட் ஒதச்சது பிஹைண்ட் தான், அந்த 1 பாயிண்ட்ல தான் அவரு டீம் சிட்னி, எஸ்ஸெண்டன் டீம ஜெயிச்சு கிராண்ட் ஃபைனல் போச்சு. பர்சென்டேஜ்ல அது ஒரு தப்பின ஷாட், அவ்வளவு தான்.

இதெல்லாம் முன்னால நிக்கவனுக்கு. லீ மேத்யூஸ் 332 மேட்ச்ல 915 கோல், 2.76 தான், ஆனா அவரு பந்து பொறுக்கி ஓடுத ரோவர், அவர லாக்கெட் கூட வைக்கதே தப்பு. மிட்ஃபீல்டு, டிஃபென்ஸ் ஆளுவளுக்கு எத்தன கிக்குன்னு எண்ணதுலயும் பிரயோஜனம் இல்ல, பின்னாலயே பத்து மீட்டர் பாஸ் போட்டு நம்பர் ஏத்துதவன் நெறைய. எஃபெக்டிவ் கிக் பாருங்க: 40 மீட்டருக்குள்ளன்னா நம்ம ஆளு கைக்கு போணும், அதுக்கு மேலன்னா நம்ம ஆளுக்கு பாதிக்கு பாதியாவது சான்ஸ் இருக்கணும். நேரா எதிராளி கையில குடுத்தா கிளாங்கர். கூடவே பந்த எவ்வளவு தூரம் முன்னால கொண்டு போனான்னு மீட்டர்ஸ் கெயிண்டும் பாருங்க.

இன்னொண்ணு, கிக் எண்ணிக்கை 1965ல இருந்து தான் ஒழுங்கா கெடைக்கும், அதுக்கு முன்னால உள்ளவங்களுக்கு கோலும் மேட்சும் தான். குரூப்ல எவனாவது கோல்மன் மேட்சுக்கு இத்தன கிக்னு அடிச்சு விட்டா, எங்கன எடுத்தன்னு கேளுங்க.