பழைய படகின் தண்ணீரும் வெந்நீரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுக் கடைசியில் ரியூனியன், மொரீஷியஸ், மடகாஸ்கர் பக்கமிருந்து பாய்மரப் படகுகள் தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பேவுக்கும் டர்பனுக்கும் வந்து சேரும். பெரும்பாலானவை நல்ல காற்றுக்குக் காத்திருந்து கேப் டவுன் பக்கம் கிளம்பிவிடும். சில இங்கேயே விலைக்கு வரும். டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து நம் ஆட்களும் இப்போது அப்படிப் பழைய படகுகளை வாங்குகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் வாங்கிய கொஞ்ச நாளிலேயே தண்ணீர் விஷயத்தில் ஒரே மாதிரி தவறுகளைச் செய்து பணத்தைக் கரைக்கிறார்கள்.

குழாயில் தண்ணீர் வராவிட்டால் தொட்டி காலியா, ஃபியூஸ் போய்விட்டதா, பம்புக்கு முன்னால் உள்ள ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்பதையெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள். அதற்கு அடுத்ததைச் சொல்கிறேன்.

ராத்திரியில் பம்பு ஓடினால் புதுப் பம்பு வாங்குவது

யாரும் குழாயைத் திறக்கவில்லை, ஆனால் பம்பு திடீரென்று இரண்டு நொடி ஓடி நிற்கிறது. உடனே பம்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பம்பின் தலையில் ஒரு பிரஷர் சுவிட்ச் இருக்கிறது. அழுத்தம் 25, 30 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கினால் பம்பை ஓடவிடும். 40, 45 தொட்டதும் நிறுத்தும். அது ஓடுகிறது என்றால் எங்கோ அழுத்தம் கசிகிறது, அவ்வளவுதான்.

பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கத்தில் ஒரு வால்வு போட்டு மூடிப் பாருங்கள். மூடிய பிறகும் பம்பு அவ்வப்போது ஓடினால், அதற்குள் இருக்கும் ரப்பர் வால்வு வழியாகத் தண்ணீர் தொட்டிக்கே திரும்புகிறது. அப்போது பம்பைக் குறை சொல்லலாம். ஓடவில்லை என்றால் கசிவு வால்வுக்கு அந்தப் பக்கம். அப்புறம் கீசருக்குப் போகும் பச்சைத் தண்ணீர்க் குழாயை மட்டும் அடைத்துப் பாருங்கள். பம்பு ஓடுவது நின்றால் கசிவு கீசர் பக்கம். பழைய படகுகளில் இந்த வால்வுகளே இருக்காது. பம்பு வாங்க வைத்த பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், முதலில் அவற்றைப் போடுங்கள்.

கீசர் கசிவுக்கு இன்ஜினைப் பிரிப்பது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிற தவறு இதுதான். படகு கீசர் வீட்டுக் கீசர் மாதிரி கரன்ட்டை மட்டும் நம்பி இருப்பதில்லை. இன்ஜின் சூட்டைத் தணிக்க அதைச் சுற்றி ஓடும் திரவமான கூலன்ட்டை, அது சூடான பிறகு இரண்டு ஹோஸ் வழியாகக் கொண்டுவந்து, கீசருக்குள் இருக்கும் ஒரு சுருள் குழாயில் ஓடவிட்டுத் தண்ணீரைச் சூடாக்குகிறது. படகுக்கு வயதாகும்போது அந்தச் சுருளில் ஊசிமுனை அளவு ஓட்டை விழும்.

ஓட்டை விழுந்தால் கூலன்ட்தான் தண்ணீரில் கலக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். தண்ணீர்ப் பக்கம் 40 பிஎஸ்ஐ. கூலன்ட் மூடி பெரும்பாலும் 7 முதல் 15 பிஎஸ்ஐக்குள் திறந்துகொள்ளும். ஆகவே பம்பு ஆனில் இருக்கும்வரை குடிதண்ணீர்தான் இன்ஜினுக்குள் தள்ளப்படும். கூலன்ட் பாட்டில் நிரம்பி வழியும். கூலன்ட்டின் நிறம் நாளுக்கு நாள் வெளுக்கும். தொட்டி காரணமில்லாமல் குறையும். பம்பு ராத்திரியில் ஓடும். நான்கையும் சேர்த்துப் பார்க்காதவர் பாட்டில் வழிவதை மட்டும் பார்த்து ‘ஹெட் கேஸ்கெட் போச்சு’ என்பார், அதாவது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு கெட்டுவிட்டது என்று.

சாட்ஸ்வர்த் தம்பி ஒருவருக்கு இதுதான் நடந்தது. 1980-களில் கட்டிய படகு, நல்ல டீசல் இன்ஜின். ஒரு பட்டறையில் ஹெட்டைக் கழற்றி, முகத்தைச் சீவி, புதுக் கேஸ்கெட் போட்டு, பெரிய பில்லும் நீட்டினார்கள். இரண்டு நாளில் பாட்டில் மறுபடி வழிந்தது. இரண்டாவது தடவை ஹெட்டைக் கழற்றப் போகிறார்கள் என்று எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, இன்ஜின் ஓடும்போதுதான் வழிகிறதா?”

“இல்லண்ணா, நிறுத்தி வைத்திருந்தாலும் வழிகிறது.”

“தண்ணீர் பம்பு சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள்.”

வழிவது நின்றது. ஆறிப்போய் நிற்கும் இன்ஜினில் கேஸ்கெட் எப்படிக் கூலன்ட்டை வெளியே தள்ளும்? அந்தப் பட்டறையில் யாருமே இதைக் கேட்கவில்லை. நல்ல உழைப்பில் சேர்த்த பணம், போய்விட்டது.

சந்தேகம் இருந்தால் இன்ஜின் ஆறிய பிறகு இரண்டு கூலன்ட் ஹோஸ்களையும் கீசரிலிருந்து கழற்றி, ஒரு துண்டுக் குழாயால் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். இன்ஜின் தன் பாட்டுக்கு ஓடும். இப்போது பம்பைப் போட்டு, சுருளின் திறந்த முனைகளைப் பாருங்கள். தண்ணீர் சொட்டினால் ஓட்டை உறுதி. சொட்டாமல், பாட்டில் மட்டும் தொடர்ந்து வழிந்தால் அப்போது இன்ஜின் பக்கம் தேடலாம்.

ஆபத்து இன்னொரு பக்கமும் இருக்கிறது. பம்பை அணைத்துவிட்டு இன்ஜினை ஓட்டினால் அழுத்தம் தலைகீழாகும். கூலன்ட் குடிதண்ணீரில் இறங்கும். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம், அதுவும் இனிப்பான விஷம். நாக்கில் வைத்துச் சோதிக்காதீர்கள். ஓட்டை உறுதியானால் அந்தப் படகுக் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்துங்கள். சுருளைப் பிரித்த பிறகு குழாய்கள் முழுவதையும் நன்றாகக் கழுவுங்கள். இன்ஜினிலும் புதுக் கூலன்ட் போடுங்கள். நீர்த்துப்போன கூலன்ட் துருவைத் தடுக்காது.

சொட்டும் வால்வை அடைப்பது

கீசர் சூடாகும்போது பாதுகாப்பு வால்வு சொட்டினால் சிலர் அதில் ஒரு மூடி போட்டு அடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகும் 40 லிட்டர் தண்ணீர் ஒரு லிட்டருக்கும் மேல் விரியும். உள்ளே வரும் வழியில் ஒருவழி வால்வு இருப்பதால் திரும்பிப் போகவும் முடியாது. அடைத்தால் வெடிப்பது கீசர்தான். விரியும் தண்ணீரை வாங்கிக்கொள்ள, உள்ளே காற்று அடைத்த ஒரு சிறிய விரிவுத் தொட்டியைக் கீசர் பக்கம் போட்டால் சொட்டுவது நிற்கும். அதன் காற்றழுத்தத்தைப் பார்க்கும்போது பம்பை அணைத்து, குழாயைத் திறந்து வைத்துப் பாருங்கள்.

காலிக் கீசருக்குக் கரன்ட்

மின்வெட்டு நேரத்தில் கீசரைக் காலி செய்து வேலை பார்ப்பார்கள். சுவிட்ச் ஆனிலேயே இருக்கும். 230 வோல்ட் திரும்பி வந்ததும் காய்ந்த எலிமென்ட் (சூடாக்கும் கம்பி) எரிந்துவிடும். பிரேக்கரை இறக்கிவிட்டுத் தொடுங்கள்.

கலக்கும் வால்வு இல்லாமல் குழந்தைகளைக் குளிக்க விடுவது

இன்ஜின் சூட்டில் வரும் தண்ணீர் 80 டிகிரியைத் தொடும். பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் அந்த வால்வு இல்லாவிட்டால் தோல் நொடியில் வெந்துவிடும்.

வெந்நீர் வராவிட்டால் கீசரை மாற்றுவது

இரண்டு கூலன்ட் ஹோஸ்களையும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடு, இன்னொன்று ஜில்லென்று இருந்தால் கூலன்ட் ஓடவில்லை. பெரும்பாலும் நடுவில் காற்று அடைத்திருக்கும். கீசர் இன்ஜினைவிட உயரத்தில் இருக்கும் படகுகளில் இது அடிக்கடி நடக்கும். சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறக்க வேண்டாம். ஆறவிட்டு, மிக உயரமான இடத்தில் காற்றை வெளியேற்றுங்கள்.

கரைக் குழாயை நேராக மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவது

படகுக்குள் ஒரு ஹோஸ் கழன்றால் படகின் தொட்டி அளவோடு நிற்காது, கரைத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். படகு கட்டிய இடத்திலேயே மூழ்கும்.

தண்ணீர் நின்று வந்ததும் தொட்டியை நிரப்புவது

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டோங்காட் பக்கம் மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டர்பனில் எப்போது சப்ளை நின்று திரும்பினாலும் முதலில் காற்றும் செம்மண் கலரும்தான் வரும். வெள்ளை வாளியில் பிடித்துப் பாருங்கள், தெளியும்வரை கடலில் விடுங்கள், அப்புறம் ஹோஸைத் தொட்டிக்குள் போடுங்கள்.