கமக்காரர் கூட்டத்தில் மரியாதையும் கேள்வியும்: செயலாளருக்கும் புதிய அங்கத்தவருக்கும்

அதிகாரத்தில் இருப்பவருக்கு மரியாதை தானாகவே போக வேண்டுமா, அவர் நடந்துகொள்கிற விதத்தைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டுமா? இலங்கையின் வன்னியில், குளத்துத் தண்ணீரில் எவ்வளவு வயல் செய்யலாம் என்று தீர்மானிக்கும் கூட்டங்களில், இந்தக் கேள்வி ஆண்டுக்கு இரண்டு தடவை வந்து நிற்கும்: காலபோகக் (மழைக்கால நெற்செய்கை) கூட்டத்தில் ஒரு தடவை, சிறுபோகக் (கோடைகால நெற்செய்கை) கூட்டத்தில் ஒரு தடவை. இரணைமடு போன்ற பெரிய குளமென்றால் அரசாங்க அதிபர் தலைமையில், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல உத்தியோகத்தர், வங்கிக்காரர் எல்லோரும் மேசைக்குப் பின்னால் இருப்பார்கள். 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்குப் பாயும் சின்னக் குளமென்றால் கமநல சேவை நிலையத்தோடு காரியம் முடியும். எந்தக் குளமானாலும் எங்கள் நிலைப்பாடு ஒன்றுதான். மரியாதையைக் கேட்காமலே கொடுங்கள். நம்பிக்கையைக் கணக்குப் பார்த்த பிறகு கொடுங்கள். இந்த இரண்டையும் ஒன்றாக முடிந்து வைப்பதால்தான் சில கூட்டங்களில் யாரும் வாய் திறப்பதில்லை, சில கூட்டங்களில் கதிரை பறக்கிறது.

மரியாதையில் எது போதும்

உத்தியோகத்தர் வரும்போது எழும்புவது, நல்ல கதிரை, குடிக்கத் தண்ணீர், ஒரு தேத்தண்ணி. இவ்வளவும் எல்லோருக்கும் உரியது. பதவியைப் பார்த்துக் கூட்டவும் வேண்டாம், போன முறை அவர் ஏசினார் என்று குறைக்கவும் வேண்டாம். பொன்னாடையையும் மாலையையும் விட்டுவிடுங்கள். அது கமக்காரர் சங்கத்தின் காசு. அதோடு, மாலை போட்ட கையால் பத்து நிமிசத்தில் கேள்வி கேட்க எல்லோருக்கும் மனம் வராது.

பேச்சில்தான் கூடக் கவனம் வேண்டும். எங்கள் பக்கத்தில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி இருக்கிறது. இளம் உத்தியோகத்தர் ஒருவர் எழுபது வயதுக் கமக்காரரைப் பார்த்து “நீர் இரும், பிறகு கதையும்” என்றால், சபை முழுக்க அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். பதிலுக்கு அவரை “நீர்” என்று அழைத்தால் கதை தண்ணீரை விட்டுத் தடம் மாறிவிடும். தலைவர் இதை முன்கூட்டியே தடுக்கலாம். கூட்டம் தொடங்கும்போது ஒவ்வொரு வாய்க்கால் பிரதிநிதியையும் முறை சொல்லி அறிமுகம் செய்யுங்கள்: “இந்த ஐயா மூண்டாம் வாய்க்காலுக்குப் பொறுப்பு”, “இந்த அக்கா கடைசி வாய்க்கால் பிரதிநிதி, அஞ்சு ஏக்கர் செய்யிறா.” சபை முன்னால் ஐயா, அக்கா என்று கேட்டுவிட்ட ஒருவரை நீர் போட்டுக் கூப்பிட நாக்குத் தயங்கும். தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் பலர் இங்கே சொந்தக் கையால் வயல் செய்கிறார்கள். அவர்களை “இன்னாரின்ர மனுசி” என்று அறிமுகப்படுத்துவது பெரிய பிழை. காணி யார் பேரிலோ, யார் செய்கிறாரோ, அவர் பேரைச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்கும் முறை

கேள்வி ஆளைப் பற்றி இருக்கக் கூடாது, எண்ணைப் பற்றி இருக்க வேண்டும். “போன முறையும் ஏமாத்தினீங்கள்” என்று தொடங்கினால் அவர் தன்னைக் காப்பாற்றப் பேசுவாரே தவிர உங்களுக்குப் பதில் வராது. “சேர், குளத்தில இப்ப பாவிக்கக் கூடிய தண்ணி எத்தின ஏக்கரடி? ஒரு ஏக்கருக்கு எவ்வளவு எண்டு கணக்குப் போட்டிருக்கிறியள்?” என்று கேளுங்கள். ஏக்கரடி என்பது ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்ற கணக்கு மட்டும் போதாது. குளம் மேலே போகப் போக விரியும், அதனால் மேல் ஒரு அடியில் உள்ள தண்ணீரும் கீழ் ஒரு அடியில் உள்ள தண்ணீரும் ஒன்றல்ல.

கணக்கு இப்படிப் போகும். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். குளத்தில் 12,000 ஏக்கரடி நிற்கிறது என்று வையுங்கள். துருசுக்கு (தண்ணீர் திறக்கும் மதகுக்கு) கீழே வெளியே எடுக்க முடியாமல் கிடப்பது 1,000. ஆவியாவது, ஊறிப்போவது, குடிதண்ணீருக்கு ஒதுக்குவது எல்லாம் சேர்த்து 2,500. மிச்சம் 8,500. ஏக்கருக்கு 5 ஏக்கரடி என்று பொறியியலாளர் சொன்னால் 1,700 ஏக்கர்தான் செய்யலாம். மேசையிலிருந்து 2,200 ஏக்கர் என்று அறிவிப்பு வந்தால் 500 ஏக்கருக்கு, அதாவது 2,500 ஏக்கரடிக்கு, தண்ணீர் இல்லை. அந்தக் குறை கூட்டத்தில் தெரியாது. பயிர் குடலையாக (கதிர் வெளிவர முன்னம் தண்டுக்குள் இருக்கும் பருவத்தில்) நிற்கும் நேரம், வாய்க்காலின் கடைசிக் காணியில் தெரியும். அதனால் எழும்பிக் கேட்க வேண்டியது அந்த அறிவிப்பு வரும் நேரத்தில்தான். அந்தக் கணக்கைச் சபை முன்னால் விரித்துக் காட்டுகிற பொறியியலாளருக்கு அடுத்த முறை கிடைக்கும் மரியாதை வேறு. பதவிக்காக எழும்பியவர்கள் அவருக்காக எழும்புவார்கள்.

பதில் ஒரு தடவையில் வராவிட்டால் அதே கேள்வியை அதே குரலில் திரும்பக் கேளுங்கள். இரண்டாம் தடவையும் வராவிட்டால், “சேர், அந்த எண் பிறகு தரப்படும் எண்டு குறிப்பில எழுதுறன், எத்தினையாம் திகதி எண்டு போடட்டோ?” என்று செயலாளர் கேட்க வேண்டும். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பதில் வந்துவிடும்.

கூட்டக் குறிப்பு

சபை எடுக்கும் பயிர்ச்செய்கைத் தீர்மானங்களுக்குச் சட்ட வலு உண்டு, ஆகவே எழுத்தில் தவறக் கூடாதவை: முதல் தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்புக்குக் கடைசித் திகதி, தண்ணீர் நிறுத்தும் திகதி, ஒவ்வொரு வாய்க்காலுக்கும் எத்தனை ஏக்கர், எத்தனை மாத நெல் (மூன்றரை மாத இனத்தை விட மூன்று மாத இனம் இரண்டு வாரத் தண்ணீரை மிச்சம் பிடிக்கும்), மாடுகளை வெளியேற்றும் திகதி, வாய்க்கால் துப்புரவுக்கு ஆளுக்கு எவ்வளவு நீளம். வீட்டுக்குப் போய் எழுதுவது கூடாது. அங்கேயே எழுதி, சபை கலைய முன்னம் சத்தமாக வாசித்து, பிறகு கையெழுத்து.

வரவுத் தாளில் கவனம். தலைப்பில்லாத தாளில் நாற்பது பேர் கையெழுத்து வைத்தால், அதற்கு மேல் யாரும் எதையும் எழுதலாம். பிறகு அது “ஏகமனதான சம்மதம்” ஆகிவிடும். தாளின் தலையில் “வரவு மட்டும்” என்றும் திகதியும் எழுதிய பிறகே பேனையை எடுங்கள். கடைசிக் கையெழுத்துக்குக் கீழே மிஞ்சிய இடத்தைக் குறுக்காக வெட்டிவிடுங்கள்.

எங்கட ஆக்களிடம் கேட்பது

அரச உத்தியோகத்தரை விடக் கடினமானவர் சங்கத்துப் பொருளாளர். அவர் மாமாவாக இருப்பார், அல்லது படிப்பித்த வாத்தியாராக இருப்பார். அவரிடம் கணக்குக் கேட்பது அவரைச் சந்தேகப்படுவதாக ஊர் எடுக்கும். வழி ஒன்று உண்டு: யாரும் கேட்காமலே கணக்கு வரும்படி செய்வது. ஒவ்வொரு கூட்டத்திலும் குறிப்பு வாசித்த கையோடு வங்கிப் புத்தகத்தின் கடைசி வரியும் கைக்காசும் வாசிக்கப்படும் என்று நிகழ்ச்சி நிரலில் நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். இருவர் கையெழுத்தில்லாமல் காசு எடுக்கக் கூடாது. அந்த இருவரும் ஒரே வீட்டுக்காரராக இருக்கக் கூடாது. முறை என்று வந்துவிட்டால் மாமாவின் முகமும் கெடாது, கணக்கும் கெடாது.

தண்ணீர் பங்கிடுபவரைச் சில ஊரில் இன்னமும் வட்டவிதானையார் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பழைய பதவி 1958 நெற்காணிச் சட்டத்தோடு போனது, வேலை போகவில்லை. அந்த வேலையை எடுக்கிற இளம் ஆள் மரியாதை தேடுவதானால் இரண்டு காரியம் செய்யட்டும். முறைத் தண்ணீரை (ஒவ்வொருவருக்கும் முறை வைத்து விடும் தண்ணீரை) கடைசிக் காணியிலிருந்து தொடங்கட்டும். தன் சொந்த வயலை முறையின் முடிவில் வைக்கட்டும். யாருக்கு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று மதகடிப் பலகையில் எழுதினால், இரவில் வாய்க்கால் வரம்பு வெட்டுவது பாதியாவது குறையும், ஏனென்றால் யாருடைய நேரத்தில் வெட்டினார்கள் என்று ஊருக்குத் தெரியும்.

மரியாதை கொடுத்தும் காரியம் நடக்காவிட்டால்

குரலை உயர்த்த வேண்டாம், எழுத்துக்குப் போங்கள். கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபால். தகவல் தேவையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: காரணம் சொல்லத் தேவையில்லை, தருவதா இல்லையா என்று தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் 14 நாளுக்குள் அதே திணைக்களத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு. வடக்கில் நிருவாக மொழி தமிழ்; வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எந்தத் தாளிலும், பொலிஸ் வாக்குமூலம் உட்பட, தமிழில் வாசித்துச் சொல்லும் வரை கையெழுத்து வைக்காதீர்கள். “சேர், விளங்கின பிறகு வைக்கிறன்” என்பது அவமரியாதை இல்லை. காசு கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

குறிப்புக் கொப்பியைத் தலைவர் வீட்டு அலுமாரியில் பூட்டி வைக்க வேண்டாம். கறையானும் மழையும் படாத தகரப் பெட்டியில், சங்கக் கட்டடத்தில், எந்த அங்கத்தவரும் வந்து கேட்டால் பார்க்கக் கூடிய இடத்தில் இருக்கட்டும். கையெழுத்தான பக்கத்தை அன்றைக்கே கைத்தொலைபேசியில் படமெடுத்து எல்லா வாய்க்கால் பிரதிநிதிகளுக்கும் அனுப்பிவிடுங்கள்.